கவுண்ட் நார்மல்னு மாத்திரைய நிறுத்தாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்கு 'அதிசய மாத்திரை'ன்னு இமாடினிப் பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். அமெரிக்காவுல 2001 மே மாசம் அனுமதி கிடைச்சது, இதுக்கு பேட்டன்ட் கிடையாதுன்னு 2013 ஏப்ரல் 1 சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு எல்லாம் வந்திருக்கு (அந்த பேட்டன்ட் விண்ணப்பத்த 2006லயே நிராகரிச்சது நம்ம சென்னை பேட்டன்ட் ஆபீஸ்தான், அத விட்டுட்டீங்க). ஆனா மாத்திரை போடுறவங்களுக்கு வேண்டியது ஒண்ணும் இல்லையே சார்.

நான் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன். சிஎம்எல்ங்கற, இந்த மாத்திரை போடுற ரத்தப் புற்றுநோய் இருக்கறவங்க ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா வாங்குவாங்க, வெள்ளணு கவுண்ட் நார்மல்னு ரிப்போர்ட் வந்ததும் ஆள காணோம், கேட்டா "அதான் சரியாயிடுச்சே தம்பி"ன்னு சொல்றாங்க. சரியாகல. இந்த நோய்ல 9ஆம் குரோமோசோம் துண்டும் 22ஆம் குரோமோசோம் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கிட்டு பிசிஆர்-ஏபிள்னு ஒரு புரோட்டீன உண்டாக்குது, செல்ல நிறுத்தாம பெருகச் சொல்றது அதுதான். அது வேல செய்ய ஏடிபி (செல்லுக்கு சக்தி தர்ற பொருள்) வேணும், அந்த புரோட்டீன்ல ஏடிபி உக்கார்ற குழியில இமாடினிப் போய் உக்காந்துக்குது, அவ்வளவுதான். மாத்திரைய நிறுத்துனா குழி காலி, புரோட்டீன் மறுபடி ஆரம்பிச்சிடும். கவுண்ட்ல தெரியாத நோய் பிசிஆர்-ஏபிள் ரத்த டெஸ்ட்லதான் தெரியும், மொதல்ல மூணு மாசத்துக்கு ஒருக்கா அத பாக்கணும். சிலருக்கு பல வருஷம் கழிச்சு டாக்டரே நிறுத்திப் பாப்பாங்க, அது வேற கதை.

விட்டு விட்டு போட்டா மருந்து கேக்காம போற ஆபத்தும் இருக்கு. டி315ஐன்னு ஒரு மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) வந்துட்டா அந்தக் குழியோட அமைப்பே மாறிடும், இமாடினிப் உள்ள போகாது, போனாடினிப் மாதிரி விலை கூடின மருந்துக்கு ஓடணும்.

இன்னொண்ணு. டிபிக்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுறவங்களுக்கு ரத்தத்துல இமாடினிப் அளவு சீக்கிரம் கொறஞ்சு போயிடும், அதனால என்னென்ன மாத்திரை போடுறோம்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. சாப்பாட்டோட, பெரிய டம்ளர் நிறைய தண்ணியோட போடுங்க, வெறும் வயித்துல போட்டா குமட்டும். கண்ணு சுத்தி வீங்குதேன்னு பயந்து நிறுத்துனவங்களையும் பாத்திருக்கேன், அது இந்த மருந்துல சகஜம், ஆனா டாக்டர்கிட்ட காட்டுங்க.

மாத்திரை அரசு ஆஸ்பத்திரில ஃப்ரீயா வாங்குற ஒரு அம்மா பிசிஆர்-ஏபிள் டெஸ்ட்டுக்கு வெளிய காசு கட்ட முடியாம ஒரு வருஷமா பாக்கவே இல்லைன்னாங்க. அந்த டெஸ்ட்ட மாவட்டத்துக்கு மாவட்டம் இலவசமா எடுக்கணும்னு உங்க பேப்பர்ல ஒரு தடவ எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், தஞ்சாவூர்