கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம்

அன்புள்ள அம்மு,

நேற்று போனை வைக்கும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "புயலில் படகைக் கட்டிய கயிறு தேய்ந்தால் மாற்றிக் கட்ட யாராவது வேண்டுமே அப்பா, அதனால் அவர் மட்டும் படகிலேயே தங்கலாமா என்று பார்க்கிறோம்." பக்கத்தில் அம்மா இருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். திரும்பவும் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் உட்கார்ந்து படிக்கட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புயல் வரும் நேரத்தில் படகில் யாரும் இருக்கக் கூடாது. அவரும் கூடாது, நீயும் கூடாது. கயிறு தேயும் என்று பயமாக இருந்தால் தேயாதபடி இன்றைக்கே கட்டுங்கள்.

ஆள் இருந்து என்ன செய்துவிடுவார்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். மணிக்கு 50 மைல் காற்றில் குனிந்தபடி தளத்தில் நடந்துவிடலாம். 100 மைலில் தவழ்வதே பெரிய பாடு. மழை ஊசியாகக் குத்தும்போது கண்ணைத் திறக்க முடியாது. படகின் முழு இழுப்பையும் தாங்கி இறுகிக் கிடக்கும் கயிற்றைக் கிளீட்டிலிருந்து (தளத்தில் கயிறு கட்டும் கொம்பு) கையால் அவிழ்க்கப் பார்த்தால் விரல்தான் போகும். நான் கப்பலில் இருந்த காலத்தில், இழுப்பில் இருக்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் எவனாவது நின்றால் தளத்து ஆட்களை மேய்க்கும் போசன் திட்டுகிற திட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அறுந்த நைலான் கயிறு திரும்பி அடித்தால் எலும்பு முறியும். அவர் திட்டியது அதற்காகத்தான். கூப்பிட்ட குரலுக்கு யாராவது வருவார்கள் என்றும் நினைக்காதே. காற்று ஓர் அளவைத் தாண்டினால் கடலோரக் காவல்படையின் படகும் வராது, ஹெலிகாப்டரும் வராது.

படகு நிறுத்தியிருக்கிற துறையைப் பற்றி, "மெரினாக்காரர் படகை எடுக்கச் சொல்லவில்லை, அதனால் பயமில்லை" என்றும் சொன்னாய். அவர் ஏன் சொல்லவில்லை தெரியுமா? ஹரிக்கேன் வாட்ச் (புயல் வரலாம்) அல்லது வார்னிங் (புயல் வரும்) வந்த பிறகு படகை வெளியே கொண்டுபோ என்று மெரினாக்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஃபுளோரிடாவில் சட்டமே இருக்கிறது. சொத்தைக் காப்பாற்றுவதற்கு முன்னால் படகு உரிமையாளரின் உயிர் முக்கியம் என்று காரணத்தையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் பதறிப்போய் யாரும் படகை ஓட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதற்கான சட்டம் அது. அதை "இங்கேயே இருக்கலாம்" என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரிய கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் போகின்றனவே என்று மாப்பிள்ளை கேட்டாராம். அவற்றுக்கு வேகம் இருக்கிறது, விலகிப் போக இடமும் நாளும் இருக்கின்றன. உங்கள் படகு முக்கி முனகி மணிக்கு ஆறு கடல்மைல் போகும். புயல் அதைவிட வேகமாக நகரும். பெரிய கப்பலாலும் எப்போதும் தப்பிக்க முடிவதில்லை. 2015 அக்டோபர் 1 அன்று எல் ஃபாரோ என்ற 790 அடிச் சரக்குக் கப்பல் ஜாக்சன்வில்லிலிருந்து சான் ஹுவானுக்குப் போகும் வழியில் வாக்கீன் புயலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 33 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்கள் நம்பியிருந்த வானிலைத் தகவல் பல மணி நேரம் பழையது என்று பிறகு விசாரணையில் தெரிந்தது.

அதனால் யார் எந்தப் படத்தை அனுப்பினாலும் முதலில் நேரத்தைப் பார். மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று நாளுக்கு நான்கு அறிக்கை கொடுக்கும். கரைக்கு எச்சரிக்கை வந்துவிட்டால் இடையிடையே 2 மணிக்கும் 8 மணிக்கும் கொடுக்கும். அதைப் படித்தால் போதும், வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேண்டாம். அப்புறம் புயல் போகும் பாதையைக் காட்டுகிற அந்தக் கூம்புப் படம். புயலின் மையம் மூன்றுக்கு இரண்டு முறை அந்தக் கூம்புக்குள் போகும், அவ்வளவுதான் அதன் அர்த்தம். புயல் எவ்வளவு பெரியது, எங்கே தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அதில் இல்லை. 2022-ல் டாம்பாவுக்குத்தான் வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த இயன் புயல் அதற்குத் தெற்கே கரையேறி, ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் 10 முதல் 15 அடிவரை கடலை ஊருக்குள் கொண்டுவந்தது.

இப்போது உங்கள் டாம்பா வளைகுடாவுக்கே வருகிறேன். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் டாம்பாவுக்கு நூறு மைலுக்கு அப்பால் கடலிலேயே வடக்கே போனது. அங்கே கரையைத் தொடாமலே பல பத்தாண்டுகளாகக் காணாத உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றிவிட்டது. இரண்டே வாரத்துக்குள் அக்டோபர் 9 அன்று மில்டன் வந்தது. அது கொஞ்சம் தெற்கே, சியஸ்டா கீயில் கரையேறியதால் டாம்பா பக்கம் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, வளைகுடாத் தண்ணீரை வெளியே தள்ளியது. ஒரே இடத்தில் முதலில் கடல் ஏறியது, அடுத்த முறை வடிந்தது. இப்போது வருவது எந்தப் பக்கமாகக் கடக்கும் என்று கடைசி நாள்வரை உறுதியாகத் தெரியாது. சில மைல் வடக்கே தெற்கே நகர்ந்தால்கூடக் கதை தலைகீழாகிவிடும். ஆகவே உங்கள் கயிறு இரண்டுக்கும் பொருந்த வேண்டும். படகு பத்தடி ஏறினாலும் இழுத்து அமுக்கக் கூடாது, தண்ணீர் வடிந்து சேற்றில் உட்கார்ந்தாலும் தொங்கவிடக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. படகைக் கரையேற்றி வைக்கும் யார்டில் இடம் கிடைக்குமா என்று இன்றைக்கே கேள். கிடைத்தால் யோசிக்காமல் படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள். 1985-ல் குளோரியா புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் செய்த ஆய்விலேயே, கரையில் வைத்த படகுகள்தான் அதிகம் பிழைத்தன என்று தெரிந்தது. தூக்கும் செலவில் பாதியைச் சில காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கின்றன, உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பார். கரையில் வைத்தால் முட்டுக் கொடுக்கும் ஸ்டாண்டுகளைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைக்கச் சொல். மண் தரையாக இருந்தால் அடியில் பலகை வேண்டும். படகைப் பட்டையால் தரையோடு சேர்த்துக் கட்ட வசதி இருந்தால் ரொம்ப நல்லது. தார்ப்பாய்க் கயிற்றை மட்டும் ஸ்டாண்டில் கட்டிவிடாதீர்கள். தார்ப்பாய் படபடத்து ஸ்டாண்டையே பிடுங்கிவிடும், படகு சாய்ந்துவிடும். ஆனால் ஒன்று, காற்று கொஞ்சம் ஏறியதுமே தூக்கும் வண்டியை நிறுத்திவிடுவார்கள். வரிசையும் நீளமாக இருக்கும். நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தால் இடம் போய்விடும்.

யார்டு கிடைக்கவில்லை என்றால் மெரினாவிலேயே கட்ட வேண்டியதுதான். முதலில் பாய்மரத்தின் பாய்களைக் கழற்றுங்கள். முன்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டால் போதும் என்று பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். காற்று ஒரு முனையைப் பிடித்து அவிழ்த்துவிட்டால் அது முழுசாக விரிந்து, படகையே கட்டுத்தறியிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். கழற்ற வேண்டுமானால் முதலில் விரிக்க வேண்டும் இல்லையா, அதனால் காற்று இல்லாத விடிகாலையில்தான் முடியும். பதினைந்து மைல் காற்று வந்துவிட்டாலே விட்டுவிட வேண்டியதுதான். அப்புறம் பெரிய பாய், நிழல்கூரை, சோலார் பலகை, மெத்தை, சின்னப் படகு, எதெல்லாம் காற்றுக்கு முகம் காட்டுமோ அதெல்லாம் வீட்டுக்குப் போகட்டும்.

கயிறு. இதைத்தான் நீ கேட்டாய். ஒவ்வொரு கயிற்றுக்கும் துணையாக இன்னொன்று போடு. இரண்டையும் ஒரே கிளீட்டில் மாட்டாதே, கிளீட் பெயர்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். கிளீட்டுக்கு அடியில் தளத்துக்குள் தாங்கு தகடு இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்த்துக்கொள். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, தண்ணீர் ஏறும்போது நீளமான கயிறுதான் இடம் கொடுக்கும். அதனால் பக்கத்துத் தூணை விட்டுவிட்டு அடுத்த துறையின் தூண்வரை போகலாமா என்று பக்கத்துப் படகுக்காரர்களோடு பேசு. அவர்களோடு பேசத்தான் வேண்டும், ஏனென்றால் நீ என்னதான் பிரமாதமாகக் கட்டினாலும் அவர்களில் ஒருவர் படகு அவிழ்ந்தால் உன்மேல்தான் வந்து விழும். படகு நடுவில் நிற்கட்டும், எந்தத் தூணையும் தொடக் கூடாது. தூணின் உச்சியைத் தண்ணீர் தாண்டினால் சுருக்குக் கழன்று வந்துவிடும். கழலாதபடி இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள்.

தேய்மானத்துக்கு எல்லோரும் தோட்டத்து ரப்பர் குழாயை மாட்டுவார்கள். சாதாரண நாளுக்குச் சரி. புயலில் நைலான் கயிறு விடாமல் நீண்டு சுருங்கி உள்ளுக்குள் சூடாகும். ரப்பர் குழாய்க்குள் மழைத்தண்ணீர் புகாது, சூடு வெளியே போகாது. அறுந்த கயிற்றை ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே கொஞ்சம் பிசிறு, அவ்வளவுதான். உள்ளே இழைகள் உருகி ஒட்டி, உடைந்த பிளாஸ்டிக் குச்சி மாதிரி இருந்தன. அதற்குப் பதில் பழைய தீயணைப்புக் குழாயின் துணி, அல்லது பாலியஸ்டர் உறை போடுங்கள், தண்ணீர் உள்ளே போகும். இன்னும் நல்ல வழி, படகின் விளிம்பைத் தொடுகிற பகுதிக்கு மட்டும் பாலியஸ்டர் கயிறு, அங்கிருந்து தூண்வரை நைலான். பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது, அதனால் உராயாது. நைலான் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இப்படிக் கட்டிய கயிற்றுக்கு இரவெல்லாம் காவல் தேவையில்லை.

மீதி வேலை சுருக்கமாக. கரை மின்சார வயரைக் கழற்றிவிடு. பேட்டரி முழுக்க ஏறியிருக்கட்டும், ஆனால் கரண்ட் பல நாள் வராது என்பதால் படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பை மட்டும் நம்பாதே. காக்பிட் (சுக்கான் பிடிக்க உட்காரும் பள்ளம்) வடிகால் தவிர மற்ற அடி வால்வுகளை மூடிவிடு. வடிகாலில் ஓர் இலை அடைத்தாலும் மழைத்தண்ணீர் தேங்கும். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன், பின்பக்கம் அப்படியே அமுங்கிவிடும். எஞ்சினின் புகைக்குழாயை அடைத்தால் "அடைத்திருக்கிறது, எடு" என்று ஒரு சீட்டெழுதிச் சாவியில் கட்டு. கிளம்பும் முன் உள்ளே வெளியே எல்லாவற்றையும் போட்டோ எடு. பாலிசியில் பெயரிட்ட புயலுக்கு நீங்களே ஏற்க வேண்டிய தனிக் கழிவுத் தொகை இருக்கும், எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள். இனிமேல் பாலிசியை மாற்ற முடியாது. புயல் நெருங்கிவிட்டால் எந்த நிறுவனமும் புதிதாக எழுதித் தராது.

நேரக் கணக்கு. துறைமுகங்களுக்குக் கடலோரக் காவல்படை ஒரு படிநிலை வைத்திருக்கிறது. பலத்த காற்று 72 மணி நேரத்தில் வரும் என்றால் விஸ்கி (பெயரைப் பார்த்து மாப்பிள்ளை சிரிக்க வேண்டாம்), 48 என்றால் எக்ஸ்ரே, 24 என்றால் யாங்கி, 12 என்றால் ஜூலு, துறைமுகம் மூடல். கப்பலுக்கு உள்ளது உங்களுக்கும் பொருந்தும். விஸ்கியில் பாய் கழன்றிருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் கயிறு முடிந்திருக்க வேண்டும், யாங்கி வரும்போது நீங்கள் இருவரும் படகுத்துறையில் இருக்கவே கூடாது. வார்னிங் வந்த பிறகு பார்க்கலாம் என்றால், அது 36 மணி நேரத்துக்கு முன்னால்தான் வரும். அதில் ஓர் இரவு தூக்கத்தில் போய்விடும். பாலங்களையும் தூக்காமல் பூட்டிவிடுவார்கள்.

நீங்கள் இருப்பது ஏ மண்டலம், முதலில் காலி செய்யச் சொல்லும் பகுதி. காலி செய்யச் சொல்வது தண்ணீருக்காக. அதனால் ஐந்நூறு மைல் ஓடிப் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், உள்ளே தள்ளி மேடான இடத்தில் உறுதியான வீடாக இருந்தால் போதும். யார் வீடு, என்ன முகவரி என்று அம்மாவுக்கு ஒரு செய்தி போடு. அவளிடம் படகைப் பற்றிப் பேசாதே, முகவரி மட்டும்.

புயல் போன பிறகு ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கிவிடாதே. துறையில் அறுந்த வயர் கிடந்தால் தண்ணீரிலேயே மின்சாரம் இருக்கும். படகு கரையேறிக் கிடந்தால் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் உடனே எடுத்துத் தருகிறேன் என்பார்கள். மீட்புக் கூலி படகின் மதிப்பில் ஒரு பங்காகப் போய்விடலாம். காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் கையெழுத்து வேண்டாம்.

பாய் கழற்றியதும் ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஆபத்துச் சமிக்ஞைக் கருவியையும் மிதவை வளையங்களையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். படகு கவிழ்ந்து அந்தக் கருவி தானாகக் கத்த ஆரம்பித்தால், படகில் ஆள் இருக்கிறது என்று நினைத்துக் காவல்படை தேடக் கிளம்பும். மிதவை வளையம் தனியாக மிதந்தாலும் அதே கதைதான்.