யூஎஸ்பி வேகத்தைக் கடைக்காரர் எண்ணால் எழுதித் தரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்லூரிகள் திறக்கும் இந்த நாள்களில் நாளிதழோடு மடித்து வரும் விளம்பரத் தாள்களில், லேப்டாப்புக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது சட்டைப்பையில் அடங்கும் எஸ்எஸ்டி என்னும் சேமிப்புக் கருவியே. அதன் கொள்ளளவும் தள்ளுபடி விலையும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. ‘டைப் சி’ என்ற சொல்லும் தவறாமல் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி யூஎஸ்பியின் எந்த வேகத்தில் ஓடும், வாங்குகிறவர் வீட்டு லேப்டாப்பில் அந்த வேகம் உண்டா என்பதைச் சொல்வாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. அந்த ஒரு விவரத்தைக் கேட்காமல் கூடுதல் பணம் கொடுத்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டி நடக்கும் பாரதக் கூத்தை விடிய விடியப் படம்பிடித்து வைப்பது, பணி ஓய்வுக்குப் பின் நான் பிடித்துக்கொண்ட வேலை. இரவு பத்து மணிக்குக் கட்டியங்காரன் திரைக்கு முன் வந்து நின்றால், கூத்து முடிய விடியற்காலை ஆறு மணி ஆகிவிடும். என் கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்வதால், மணிக்கு 45 ஜிபி, இரவொன்றுக்கு ஏறக்குறைய 360 ஜிபி சேர்ந்துவிடுகிறது. ஐந்தாறு இரவுகள் எடுத்தாலே 2 டிபி நிறைந்துவிடும். மொபெட்டில் ஊர் ஊராகக் குலுங்கிச் செல்லும் பையில், உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வைக்கப் பயந்துதான், அசையும் பாகம் எதுவும் இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறினேன்.

நொடிக்கு 2000 மெகாபைட் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த கருவியை மாவட்டத்தின் ஒரு கடையில் வாங்கினேன். ‘சார், இதைவிட ஸ்பீடு வேற இல்ல, கண்ண மூடிட்டு வாங்குங்க’ என்றார் கடைக்காரர். நானும் அவ்வாறே செய்தேன். வீட்டுக்கு வந்து, பெட்டியில் இருந்த கேபிள் ஒரு சாண் நீளம்கூட இல்லாததால் அதை ஒதுக்கிவிட்டு, கைப்பேசிச் சார்ஜரின் நீண்ட டைப் சி கேபிளால் இணைத்து, லேப்டாப்பில் இருந்த ஓர் இரவின் கூத்தை நகலெடுக்கத் தொடங்கினேன். திரையில் வேகம் 38 மெகாபைட் என்று காட்டியது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறி இறங்கிய அந்த இரவின் கூத்து முழுவதும் நகலாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கருவி பழுது என்று கடைக்குக் கொண்டுபோனால், அவர்கள் தங்கள் கணினியில் இணைத்துப் பார்த்து, ‘ஒர்க் ஆவுது சார்’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதுவும் பொய்யில்லை, வேலை செய்யத்தான் செய்தது.

புதிர் அவிழ்ந்தது ஓசூரில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் வீட்டுக்கு வந்தபோதுதான். அவர் கருவியைத் தொடவே இல்லை. கேபிளைத்தான் முதலில் கையில் எடுத்தார். ‘ஐயா, இது சார்ஜ் ஏத்துற கேபிள், இதுக்குள்ள பழைய யூஎஸ்பி 2 கம்பிதான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு, நான் மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருந்த அந்தக் குட்டைக் கேபிளை எடுத்து மாட்டினார். 38 என்று இருந்த எண் 900-ஐத் தாண்டியது. அதே கருவி, அதே லேப்டாப், அதே துளை. டைப் சி முனையில் மொத்தம் 24 தொடுமுனைகள் இருக்கின்றன என்றும், சார்ஜருடன் வரும் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கும் பழைய வேகத் தரவுக்கும் உரிய கம்பிகள் மட்டுமே ஓடுகின்றன என்றும், இரண்டின் முனையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்றும் அவர் விளக்கினார்.

ஆனால் அப்போதும் பெட்டியில் போட்டிருந்த 2000 வரவில்லை. இனி எந்தக் கேபிளை மாற்றினாலும் அந்த லேப்டாப்பில் வராது என்று அவர் சொன்னதும்தான், நான் எதற்குக் கூடுதல் பணம் கொடுத்தேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

யூஎஸ்பியின் பெயர்கள் எவ்வளவு குழப்பமானவை என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0-இன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 அதை 5 ஜிகாபிட் ஆக்கியது. 2013-இல் 10 ஜிகாபிட் வேகத்தோடு 3.1 வந்தபோது, பழைய 5 ஜிகாபிட்டுக்கு ‘3.1 ஜென் 1’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள். 2017-இல் 20 ஜிகாபிட் வேகத்தோடு 3.2 வந்தபோது, அதே 5 ஜிகாபிட் மறுபடியும் ‘3.2 ஜென் 1’ ஆயிற்று. 10 ஜிகாபிட் ‘3.2 ஜென் 2’ ஆயிற்று, புதியதற்கு ‘3.2 ஜென் 2 பெருக்கல் 2’ என்று பெயர். ஒரே ஆளுக்கு மூன்று பெயரில் மூன்று ரேஷன் அட்டை கொடுத்ததுபோல இருக்கிறது இது. இதனால் ‘யூஎஸ்பி 3.2’ என்று மட்டும் ஒரு கடைக்காரர் சொன்னால், அது 5 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். மூன்றில் எதைக் கொடுத்தாலும் அவர் சொன்னது பொய்யாகாது.

நான் வாங்கிய கருவி அந்த 20 ஜிகாபிட் வகை. அந்த வேகம் கிடைக்க வேண்டுமானால் லேப்டாப்பின் துளையும் அதே வகையாக இருக்க வேண்டும். பெரும்பாலான லேப்டாப்களில் அது இல்லை. அதைவிடப் புதிய, 40 ஜிகாபிட் வரை செல்லும் யூஎஸ்பி 4 உள்ள லேப்டாப்களில்கூட இந்த 20 ஜிகாபிட் வகை இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருந்தாதபோது கருவி ஒரு படி இறங்கி 10 ஜிகாபிட்டில் ஓடும். 10 ஜிகாபிட் என்பது, எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட் என்ற கணக்கிலும், இடையில் கழியும் கழிவிலும், கைக்கு ஏறத்தாழ 1000 மெகாபைட்டாக வந்து சேரும். 5 ஜிகாபிட் துளையில் 400-க்குச் சற்று மேல் கிடைக்கும். பழைய 480 மெகாபிட்டில் 40-ஐ எட்டினாலே பெரிது. பெட்டிகளில் ஓரிடத்தில் பிட்டும் இன்னோரிடத்தில் பைட்டுமாகப் போட்டிருப்பதால், 480 மெகாபிட் என்பதைப் பார்த்து 450 மெகாபைட்டைவிட வேகம் என்று நினைப்பவர்களை நானே கண்டிருக்கிறேன்.

எனவே கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதைச் செருகப்போகும் துளையைப் பார்க்க வேண்டும். துளையின் அருகே ஆங்கில எஸ் எழுத்து இரண்டும் 5 அல்லது 10 என்ற எண்ணும் பொறித்திருந்தால் வேலை எளிது. பழைய அகலத் துளையின் உட்புறம் நீல நிறமாக இருந்தால் பெரும்பாலும் 5 ஜிகாபிட் என்று கொள்ளலாம். எனினும் அந்த நீலம் கட்டாயமன்று, கருப்பாக விட்ட நிறுவனங்களும் உண்டு. எதுவும் பொறித்திராவிட்டால், லேப்டாப்பின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைப் பார்ப்பதே வழி. துளையின் வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவே கூடாது. 2023-இல் வெளிவந்த ஐபோன் 15-இல் டைப் சி துளை இருக்கிறது, ஆனால் அதில் தரவு செல்லும் வேகம் பழைய யூஎஸ்பி 2-தான். அதே ஆண்டின் 15 ப்ரோவில் 10 ஜிகாபிட் உண்டு, ஆனால் அதன் பெட்டியில் வரும் கேபிள் யூஎஸ்பி 2. அவ்வளவு விலையுள்ள பொருளிலேயே இப்படியென்றால், நாம் முந்நூறு ரூபாய்க்கு வாங்கும் கேபிளைப் பற்றி என்ன சொல்வது!

என் அனுபவத்தில், 5 அல்லது 10 ஜிகாபிட் துளை உள்ளவர்களுக்கு 1050 மெகாபைட் என்று குறித்த கருவியே போதுமானது. 2000-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் கொள்ளளவை ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். இன்னொன்றையும் நான் தாமதமாகவே உணர்ந்தேன். என் கேமராவின் மெமரி கார்டிலிருந்து தரவு வெளிவரும் வேகமே நொடிக்கு 90 மெகாபைட் அளவில்தான். கார்டிலிருந்து நேராக நகலெடுக்கும்போது, மறுமுனையில் எத்தகைய எஸ்எஸ்டி இருந்தாலும் ஓர் இரவுக் கூத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகத்தான் செய்யும். வாய்க்கால் குறுகலாக இருக்கும்போது மதகை அகலப்படுத்தி என்ன பயன்?

வேகம் ஒருபுறம் இருக்க, கருவியை எதில் செருகினாலும் படிக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு ஒருமுறை பொய்த்தது. கூத்து வாத்தியார் ஒருவர் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் தாம் துரியோதனன் வேடம் கட்டிய படுகளக் காட்சியைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். எடுத்துச் சென்று செருகினால், கருவியின் சிறுவிளக்கு எரிந்ததே தவிர, தொலைக்காட்சி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என் எஸ்எஸ்டி, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வடிவமைக்கப்பட்டது. அந்தப் பழைய தொலைக்காட்சிக்கு ஃபேட் 32 மட்டுமே தெரியும். பென்டிரைவை ஃபேட் 32 ஆக்கிக்கொண்டு போகலாம் என்றால், அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கடைசியில் படுகளத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொண்டுபோனேன். விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கவும் எழுதவும் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் வசதியானது. என்டிஎஃப்எஸ் முறையில் இருப்பதை மேக் தானாகப் படிக்கும், எழுதாது. முறையை மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதால், புதிதாக வாங்கிய அன்றே இதை முடிவு செய்துவிட வேண்டும்.

கருவி அடிக்கடி தானே துண்டித்துக்கொள்கிறது என்று சொல்பவர்கள், மின்சாரம் போதாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யூஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியரும், யூஎஸ்பி 3 துளை 900 மில்லி ஆம்பியரும் தருவது அடிப்படை விதி. மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில் தள்ளாடிய கருவி பின்பக்கத் துளையில் ஒழுங்காக ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் பந்தலுக்கு வெளியே வைத்து நகலெடுத்தாலும் கருவி சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; நிழலில் வைத்தால் சரியாகிவிடும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு வருத்தம் தந்தது வேறொரு நிகழ்ச்சி. எங்கள் பகுதிக் கூத்துக் கலைஞர் ஒருவரின் மகன், ‘16 டிபி எஸ்எஸ்டி’ என்று ஆயிரத்துச் சொச்ச விலைக்கு இணையத்தில் வந்ததை வாங்கி, தந்தையின் பழைய பதிவுகளையெல்லாம் அதில் மாற்றி, கைப்பேசியில் இருந்தவற்றை அழித்தும் விட்டார். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் கோப்புகளின் பெயர்கள் இருந்தன, எதுவும் ஓடவில்லை. கத்தியால் நெம்பித் திறந்து பார்த்தோம். உள்ளே விரல்நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டு, பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. 16 டிபி இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும்படி அமைத்து, இடம் நிறைந்ததும் புதியதைப் பழையதன் மேலேயே எழுதும் ஏமாற்று வேலை இது. புதிய கருவியை முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. முக்கியமானதை ஏற்றுமுன் ஓர் இரவு அதை ஓடவிடுவது நல்லது. 1 டிபி கருவியில் 931 ஜிபி என்று விண்டோஸ் காட்டினால் மட்டும் பயப்பட வேண்டாம். அது ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு. ஏமாற்றப்பட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் தரலாம்.

அசல் எஸ்எஸ்டியாகவே இருந்தாலும், அதில் ஏற்றிப் பீரோவில் பூட்டி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடலாகாது. அது தரவை மின்னூட்டமாகத் தேக்கி வைப்பதால், மின்சாரமே காணாமல், அதுவும் வெப்பத்தில், நெடுநாள் கிடந்தால் தேய வாய்ப்புண்டு. நான் எடுத்துச் செல்வதற்கு எஸ்எஸ்டியையும், வீட்டில் வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டு இரண்டு நகல் வைத்திருக்கிறேன்.

யூஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பே 2022-இல், வாங்குவோருக்கு ‘ஜென்’ கணக்கையெல்லாம் காட்டாமல் 5, 10, 20, 40 ஜிகாபிட் என்று வேகத்தை மட்டும் பெட்டியில் குறிக்கும்படி பரிந்துரைத்துவிட்டது. எனவே எஸ்எஸ்டி, லேப்டாப், கேபிள் ஆகிய மூன்றுக்கும் இந்த எண்ணை விலைச்சீட்டிலும் பில்லிலும் எழுத மாவட்டக் கடைக்காரர்கள் முன்வர வேண்டும் என்றும், தங்கள் நாளிதழில் இத்தகைய பொருள்களுக்கு விளம்பரம் தருவோரிடம் இந்த ஒரு வரியைச் சேர்க்குமாறு தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் வேண்டுகிறேன். ஆடி மாதக் கூத்துக்கு முன் எனக்கு இன்னொரு கருவி தேவைப்படுகிறது. இம்முறை ‘10 ஜிகாபிட், கேபிள் உட்பட’ என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் கடையில்தான் வாங்கப்போகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.