ஒழுகும் கேரவனுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் சீசன் நேரத்தில் மட்டுமல்ல, இப்போதெல்லாம் மழைக்காலத்திலும் கேரவன் வண்டிகள் கண்ணில் படுகின்றன. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வண்டிகள். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிய பிறகு கூடலூர் வழியாக அந்தப் பக்கத்து வண்டிகளும் வருகின்றன. பணி ஓய்வு பெற்றவர்கள் சேமிப்பைப் போட்டு வாங்குகிறார்கள். இளைஞர்கள் கடன் எடுத்து வாங்கி, தாங்களே ஓட்டிப் பிழைக்கப் பார்க்கிறார்கள். வாங்கிய வண்டி திரும்பத் திரும்பப் பழுதானால் யாரைப் போய்க் கேட்பது என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அந்த அலைச்சலில் இப்போது நானும் இருக்கிறேன். மற்றவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வண்டியை விற்றவர் கோவையில் இருக்கிறார். எஞ்சினும் சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) ஒரு பெரிய நிறுவனத்துடையவை. அதன் மேல் பாடி கட்டியது வேறு மாநிலத்துப் பட்டறை. உள்ளே இருக்கும் ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், தண்ணீர் பம்ப் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி. நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் யார் பெயரையும் சொல்லவில்லை.

முதல் ஐப்பசி மழையிலேயே கூரை ஒழுகியது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படி இறங்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீர் சுவருக்குள் இறங்கி, படுக்கைக்கு அடியில் இருந்த பிளைவுட் ஊதிப்போய்விட்டது. அப்புறம் ஈரம் ஒயரிங்கிலும் ஏறி இன்வெர்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆனது. ஒவ்வொரு தடவையும் மலை இறங்கிக் கொண்டுபோய் விடுவோம், சரிசெய்துவிட்டதாகச் சொல்லித் திருப்பித் தருவார்கள், அடுத்த மழைக்கு மறுபடி ஒழுகும்.

கடைசியில் கோத்தகிரியிலேயே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏணி போட்டுக் கூரை மேல் ஏறி, காற்றுப்போக்கியைச் சுற்றிப் பூசியிருந்த சிலிக்கானைப் பிளேடால் கீறி எடுத்தார். வெள்ளை நிறத்தில் ஒரு பூச்சு, அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று, அதற்கும் அடியில் காய்ந்து வெடித்த இன்னொன்று. எல்லாவற்றுக்கும் கீழே பார்த்தால், ஸ்குரூக்கள் கூரையின் இரும்புச் சட்டகத்தில் இறங்கவே இல்லை. வெறும் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. "சார், இதுக்கு மேல எத்தனை தடவை பூசினாலும் நிக்காது. கட்டும்போதே தப்பு" என்றார். இத்தனை நாளும் பழுதைச் சரிசெய்யவில்லை, மேலே மேலே பூசி மறைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லிக் கேட்டபோது விற்றவர், "பாடி கட்டினவங்களைக் கேளுங்க" என்றார். பாடி கட்டியவர்கள், "மலை ரோட்டில் ஓட்டினால் சேசிஸ் முறுக்கும், பூச்சு விடத்தான் செய்யும்" என்றார்கள். சேசிஸ் நிறுவனமோ, தன் வண்டியின் மேல் வேறொருவர் கட்டியதற்குத் தன் உத்தரவாதம் பொருந்தாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கொண்டை ஊசி வளைவே இல்லாத ஊரில் மட்டும் ஓட்டவேண்டிய வண்டி என்றால் அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா? ஊட்டியில் நிறுத்திய வண்டியின் படத்தைப் போட்டுத்தானே விளம்பரம் செய்தார்கள்!

சாதாரணக் காரில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. கேரவனில் வாங்கியவர் மூன்று பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். ஆனால் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு பொருளையோ அதன் பாகத்தையோ செய்பவர் மட்டும் உற்பத்தியாளர் அல்ல. பிறர் செய்ததைச் சேர்த்துப் பொருத்துபவரும், பிறர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போட்டுக்கொள்பவரும் உற்பத்தியாளர்தான். எனவே பட்டறைக்காரர் "நான் பாடி மட்டும்தான் கட்டினேன்" என்று நழுவ முடியாது. யார் தவறு என்று நாமே கண்டுபிடித்து ஒருவர் மேல் மட்டும் மனுப் போட வேண்டியதில்லை. விற்றவர், பாடி கட்டியவர், சேசிஸ் நிறுவனம் மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடலாம். யார் எவ்வளவு பொறுப்பு என்பதை ஆணையம் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றும் இங்கே பலருக்குத் தெரியவில்லை. வண்டியைக் கோவையிலோ பெங்களூருவிலோ வாங்கியிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை கட்டணம் 1000 ரூபாய்தான். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்று இல்லை. மனுவை ஆன்லைனிலும் போடலாம், விசாரணைக்குக் காணொளி வசதியும் கேட்கலாம். முதலில் ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வாடகைக்கு ஓட்டுபவர்களிடம் "நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோரே இல்லை" என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பத்து வண்டி வைத்துத் தொழில் நடத்துபவருக்கு அது பொருந்தலாம். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. வண்டி ஷெட்டில் நிற்கிறதே என்று கோபத்தில் இ.எம்.ஐ. கட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்த வங்கிக்கு இந்தப் பழுதோடு சம்பந்தமில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் ஆணையத்தில் காட்ட வண்டியே இருக்காது.

ஜாப் கார்டு, அதாவது வண்டியைப் பழுதுக்கு விடும்போது குறையை எழுதும் சீட்டு, அந்த விஷயத்தில்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "கூரை ஒழுகுகிறது, பிளைவுட் ஊதியிருக்கிறது" என்று நாம் சொல்வோம். சர்வீஸ் சென்டரில் "ஜெனரல் செக்கப்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எங்கள் கார்டுகளில் ஒன்றில் "பிரச்சினை எதுவும் காணப்படவில்லை" என்றே இருக்கிறது. வெயில் அடிக்கும் கோவையில் நிறுத்திப் பார்த்தால் ஒழுகலை எப்படிக் காண்பது? நாம் சொன்ன குறை நாம் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, கிலோமீட்டர் மூன்றும் அதில் இருக்கட்டும். ஒழுகும்போதே வீடியோ எடுத்து, அதை அன்றைக்கே மூன்று தரப்புக்கும் மெயிலில் அனுப்பிவிடுங்கள். உற்பத்திக் குறைதான் என்று நிரூபிக்கத் தகுதியுள்ள ஒருவரின் ஆய்வறிக்கை இருந்தால் பலம். சோதனை தேவைப்படும் குறை என்றால் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கே அதிகாரம் உண்டு.

இன்னும் ஒரு பெரிய ஆபத்து காலக்கெடு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். "அடுத்த வாரம் கொண்டு வாங்க", "பார்ட்ஸ் வரணும்", "மேனேஜர் லீவு" என்று இழுத்தடிக்கும்போது கரைவது நம் பொறுமை மட்டுமல்ல, இந்த 2 ஆண்டுகளும்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சரி, ஆணையம் என்ன தர முடியும்? குறையை நீக்கச் சொல்லலாம், புதிய பொருள் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், நஷ்டஈடும் விதிக்கலாம். ஆனால் எத்தனை முறை பழுது பார்த்தும் சரியாகாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம் சட்டத்தில் எங்கும் வரையறுக்கவில்லை. 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உத்தரவாதத்தில் பழுதான பாகத்தைச் சரிசெய்வதாகவோ மாற்றித் தருவதாகவோதான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், வண்டியையே மாற்றித் தர உத்தரவிட முடியாது என்றது. அந்தத் தீர்ப்பைத்தான் நிறுவனங்கள் இன்றும் கையில் எடுத்துக்கொண்டு வருகின்றன.

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வேறு மாதிரி. குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் நேரடியாகத் திருப்பிவிடலாம். அதற்குப் பிறகு என்றால் ஒரு முறை பழுதுபார்க்க வாய்ப்புத் தரவேண்டும். அதிலும் சரியாகவில்லை என்றால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். வண்டி என்றால் ஓட்டிய அளவுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள், அது நியாயம்தான். முதல் 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. சிங்கப்பூரிலும் 2012 செப்டம்பரிலிருந்து இந்த 6 மாத முறை நடப்பில் இருக்கிறது. இங்கே ஓய்வூதியக்காரர் ஏணி போட்டு, மெக்கானிக்கைக் கூட்டிவந்து, தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தப்படி, குறையுள்ள வண்டி ரகத்தைத் திரும்பப் பெற அரசு உத்தரவிடலாம். அது ஒரே ரகத்தில் பல உரிமையாளர்கள் புகார் செய்தால் உதவும். பட்டறையில் ஒவ்வொன்றாகக் கட்டும் கேரவனுக்கு அத்தனை புகார் எங்கே சேரும்? மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. வாங்கப்போகிறவர்கள் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை இரண்டு காரியம் செய்ய வேண்டும். கேரவன் விற்பவர் சேசிஸ், பாடி, உள்ளே இருக்கும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உத்தரவாதம் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும். அவர்களுக்குள் யார் யாருக்குத் தரவேண்டும் என்பதை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். அப்புறம், ஒரே குறை இத்தனை முறை திரும்ப வந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று எண்ணிக்கையோடு சட்டத்தில் எழுத வேண்டும். நீலகிரி நாடாளுமன்ற உறுப்பினர் இதை அவையில் எழுப்ப வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி