ராக்கெட் என்னிடம் இருக்கிறது

பட்டர்வொர்த்,
புதன்கிழமை இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போன ஞாயிறு தண்ணீர்மலைக்குப் போய் உங்கள் நாலு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். மருமகள் கேட்ட முறுக்கு அச்சை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் பெரியவன் தன் பேட்மிண்டன் ராக்கெட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்காகத்தான் நேற்றும் முந்தாநேற்றும் போன் செய்தேன். "டியூஷனுக்கே நேரம் பத்தல, விளையாட்டு எதுக்குப்பா" என்றாய். பசியாறினானா என்று கேட்டேன். "அதெல்லாம் சாப்பிடுறான்" என்றாய். தூங்குகிறானா என்று கேட்பதற்குள் வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டாய். போனில் எனக்கும் உனக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாளாகும். எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். கார் ஓட்டும்போது பார்க்காதே. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து படி.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் பேரன் கோலாலம்பூரில் சொந்த வீட்டில் இருக்கிறான், கீழே முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கோயிலில் யார் கேட்டாலும் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாதம் தவறாமல் அனுப்புகிறாய். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நீ ஓடி வந்த மாதிரி இந்தத் தாமானில் எந்தப் பிள்ளையும் வரவில்லை. அப்படிப்பட்டவன், உன் வீட்டிலேயே இருக்கிற பிள்ளையின் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தாய்?

தீபாவளிக்கு ஐந்து நாள் இங்கே இருந்தீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு நான் பாத்ரூம் போகும்போது அவன் ஹாலில் இருட்டில் உட்கார்ந்திருந்தான். கையில் போன்கூட இல்லை. ஆட்டிறைச்சி என்றால் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருகிறவன், தட்டில் கிளறிவிட்டு எழுந்து போனான். ஒன்றுமில்லாததற்குப் பாப்பா மேல் எரிந்து விழுந்தான். அவள் அழுததும் அவனே போய் மத்தாப்பு கொளுத்திக் கொடுத்தான். நீ இதையெல்லாம் திமிர் என்றாய். மருமகள் வயசுக் கோளாறு என்றாள். நானும் தலையாட்டினேன்.

நேற்று கவர்மெண்ட் கிளினிக் கெசிஹாத்தானுக்கு மாத்திரை எடுக்கப் போனபோது அங்கே இருக்கிற நர்ஸ் மிஸ்ஸியிடம் மெதுவாகக் கேட்டேன், பக்கத்து வீட்டுப் பேரன் ஒருவன் இப்படி இருக்கிறான் என்று. அந்தப் பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தது. ஆம்பளைப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு பல சமயம் கோபமாகத்தான் வெளியே வருமாம், அழுகையாக வராதாம். பிடித்ததை விட்டுவிடுவது, சாப்பாடும் தூக்கமும் மாறுவது, ஆட்களை விட்டு ஒதுங்குவது, இது இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டுமாம். சுகாதார அமைச்சு 2022-இல் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்ததாம். நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்ததாம். பத்தில் ஒன்று, சுமாராக, உயிரை விடவே முயற்சி செய்திருக்கிறதாம். நான் பெரியவன் வகுப்பை நினைத்துக்கொண்டேன். முப்பது பேர் என்று வை. மூன்று பிள்ளைகள்.

தூக்கத்தைப் பற்றியும் சொன்னது. இந்த வயதில் உடம்புக்குள் ஓடும் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகுமாம். பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. ஆனால் 8 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரம் தூங்கியாக வேண்டும். இவனோ ஐந்தரைக்கு எழுந்து பள்ளிக்குப் போகிறான், இரவு பத்துக்கு டியூஷன் விட்டு வருகிறான். நீயே கணக்குப் போட்டுப் பார். ஒரு டியூஷனையாவது நிறுத்து. எஸ்பிஎம் பரீட்சை அடுத்த வருஷம்தானே. நிறுத்தினால் குடி முழுகிவிடாது.

போனைப் பிடுங்காதே. நீ பிடுங்கியது எனக்குத் தெரியும், பாப்பா சொன்னாள். இரவில் எல்லோருடைய போனும் ஹாலில் இருக்கட்டும், உன்னுடையதும் சேர்ந்து. உன் சகலை மகன் வாங்கிய ஒன்பது ஏ-வைச் சாப்பாட்டு மேசையில் எடுக்காதே. பெரியவன் பேச ஆரம்பித்தால் பதில் சொல்லாதே. பதில் சொல்லாமல் இருப்பது நம் குடும்பத்தில் யாருக்கும் வராது என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். "உன் வயசில நான்" என்று தொடங்காதே. "அப்படியா, அப்புறம்" என்று மட்டும் கேள். சாப்பிட்டானா என்று கேள். மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டானா என்று கேள்.

தம்பி, ராக்கெட்டை அவன் விட்டுவிட்டுப் போகவில்லை. மேலே நான் எழுதியது சரியில்லை.

திங்கட்கிழமை எதிர்வீட்டு அம்மா அதைக் கொண்டுவந்து கொடுத்தார். "அங்கிள், இது விலை கூடுனது, உங்க பேரன் என் மகனுக்குக் கொடுத்துட்டான், நீங்களே வச்சிருங்க" என்றார். அந்தப் பையனைக் கூப்பிட்டு கொடுக்கும்போது என்ன சொன்னான் என்று கேட்டேன். "எனக்கு இனிமே தேவைப்படாது, நீ வச்சுக்க" என்றானாம். பதினாலு வயதில், பெருநாளுக்குக் கிடைத்த தன் ஆங்பாவ் பணத்தையெல்லாம் சேர்த்து வாங்கிய ராக்கெட். யாரையும் தொடவிடமாட்டானே.

படிப்புக்காக விளையாட்டை விட்டுவிட்டான், அதைத்தான் அப்படிச் சொன்னான் என்று இருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் மிஸ்ஸியிடம் இதைச் சொன்னபோது அது எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டது. ஆசையாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவது கவனிக்க வேண்டிய அறிகுறி என்றது. "உங்க பேரனா அங்கிள்?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

உன் பிள்ளையை இன்றைக்கே கேள். சுற்றி வளைக்காதே. "உயிரோட இருக்கவே பிடிக்கலையாய்யா, செத்துப்போகணும்னு தோணுதா" என்று வாயைத் திறந்து கேள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று நான் பயந்தேன். அப்படி ஆகாதாம். கேட்டால்தான் உள்ளே இருப்பதை இறக்கி வைக்க வழி கிடைக்குமாம். ஆமாம் என்று சொன்னால் கத்தாதே, அழாதே, சாமி பெயரைச் சொல்லிச் சத்தியம் வாங்காதே. அவனைத் தனியாக விடாதே. நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ. இல்லை என்று சொன்னாலும் நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போ. கவர்மெண்ட் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்து, தேவையென்றால் அவர்களே மேலே அனுப்புவார்கள். உனக்கே என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பெஃப்ரெண்டர்ஸ் என்று போனில் பேசி உதவுகிறவர்கள் இருக்கிறார்கள், 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் எண் 15555. இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவன் மேசையிலும் வை.

தீபாவளியன்று சாப்பிடும்போது நீ அவனிடம் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "எங்கப்பா என்னை அடிச்சு வளர்த்தாரு, அதனாலதான் இன்னைக்கு மனுஷனா நிக்கிறேன்" என்றாய். என்னைப் பெருமையாகப் பார்த்துச் சொன்னாய். அவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். நான் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் சாயந்திரம், "தாத்தா, ஃபெரில பினாங்குத் தீவுக்குப் போய்ட்டு வரலாமா" என்று கேட்டான். அந்த ஐந்து நாளில் அவன் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். முழங்கால் வலி என்று பொய் சொன்னேன். அவனோடு ஃபெரியில் ஏற எனக்குத் தைரியம் இல்லை.

ஏன் என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது.

2000-ஆம் ஆண்டு, உன் எஸ்பிஎம் முடிவு வந்த வாரம். கணக்கில் போய்விட்டது. உன் மாமாக்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்ன வார்த்தை உனக்கும் ஞாபகம் இருக்கும். உன்னைப் பெற்றதற்கு ஒரு ரப்பர் கன்றை நட்டிருந்தால் இந்நேரம் பாலாவது கொடுத்திருக்கும் என்றேன். கதவுக்குப் பின்னால் தொங்கிய பிரம்பை அன்று நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட உனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்றாம் நாள் இரவு டியூட்டி முடிந்து ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறேன், நீ ஃபெரித் துறை பக்கம் நடந்து போகிறாய். பின்னாலேயே வந்தேன். நீ ஏறிய ஃபெரியில் நானும் ஏறினேன். நீ மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தீவில் இறங்கினாய், அடுத்த ஃபெரியில் திரும்பினாய், மறுபடி டிக்கெட் எடுத்தாய். மூன்று தடவை போய் வந்தாய் தம்பி. என் சட்டைப் பையில் இருந்த சில்லறை தீர்ந்துவிடுமோ என்று நான் எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நீ உட்காரவில்லை. ஒரு தடவைகூட நான் எழுந்து வரவில்லை. இருபது அடி இருக்குமா நமக்கு நடுவில்? உன் தோளில் ஒரு கை வைக்க எனக்கு அந்த இருபது அடி நடக்கத் தெரியவில்லை.

வந்து என்ன சொல்வேன்? உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவனே நான்தானே.

கடைசியாக நீ வீட்டுக்குப் போனாய். நான் கால் மணி நேரம் கழித்து வந்தேன். நீ ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். காலையில் உன்னிடம், கணக்கை மறுபடி எழுது என்று மட்டும் சொன்னேன். அந்த மூன்று மாதம் நீ யாரோடும் பேசவில்லை. பிள்ளையை ஒரு டாக்டரிடம் காட்டுங்களேன் என்று அம்மா அழுதாள். "என்ன, தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பச் சொல்றியா" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். அந்த ஊரை ரயிலில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். 1911-இலிருந்து அங்கே மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்போது அதன் பெயரிலேயே பஹாகியா என்று, மகிழ்ச்சி என்று வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் வாயில் மட்டும் அது வசைதான். நானும் அதை வசையாகத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

வெளியே சொன்னால் போலீஸ் கேஸாகிவிடும் என்று ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். அப்போது தண்டனைச் சட்டத்தில் 309-ஆவது பிரிவு இருந்தது, முயற்சி செய்து பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை. 2023-இல் அதை நாடாளுமன்றத்தில் எடுத்துவிட்டார்கள். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டம் போய்விட்டது, இனி நான் எதைச் சொல்லிப் பேசாமல் இருப்பது? அதற்கப்புறமும் இவ்வளவு காலம் பேசாமல்தான் இருந்தேன்.

நீயாகத்தான் தலைநிமிர்ந்தாய். எப்படி என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதே இல்லை. அதை என் வளர்ப்பின் கணக்கில் எழுதாதே. உன் பிள்ளையிடம் என்னைக் காட்டி இனி அப்படிச் சொல்லாதே. நான் அடித்ததால் நீ ஆளாகவில்லை. அன்று இரவு உன்னை இழந்துவிட்டு வீடு திரும்ப வேண்டியவன் நான்.

இவ்வளவு எழுதிய பிறகு கை நடுங்குகிறது. நீ கோபப்படுவாய், அன்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களா என்று கேட்பாய். கேள். நேரில் கேள். நாளைக் காலை இடிஎஸ் ரயிலில் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. மத்தியானம் கே.எல். சென்ட்ரலில் இருப்பேன். பள்ளி விட்டதும் அவனை நீயே போய் ஏற்றிக்கொண்டு வா, மருமகளை அனுப்பாதே. முன்சீட்டில் உட்கார வை. எதிரில் நிறுத்திக் கேட்டால் அவன் வாய் திறக்காது, பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் பேசுவான். ஜாம் இருந்தால் இருக்கட்டும், நான் காத்திருக்கிறேன். ஆனால் கேட்பதை அதுவரை தள்ளிப் போடாதே. இன்றைக்கு இரவே அவன் கதவைத் தட்டு. தட்டிவிட்டுத்தான் உள்ளே போ.

ராக்கெட்டைக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா

மறந்துவிட்டேன். பாப்பா பிறந்தநாளுக்கு வந்தபோது அம்மா தன் மாத்திரைப் பையை உங்கள் ஐஸ்பெட்டி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதை இப்போதே எடுத்து உங்கள் அலமாரியில் பூட்டு. வீட்டில் இருக்கிற மற்ற மருந்துகளையும் சேர்த்து. சாவி உன் சட்டைப் பையில் இருக்கட்டும்.