யாருடைய கலாச்சாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வாரம் வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தாரு, ஒவ்வொரு கலாச்சாரத்துக்கும் ஒரு நியாயம் இருக்கு, வெளிய நிக்கறவங்களுக்கு அதை சரி தப்புன்னு சொல்ல உரிமை கிடையாதுன்னு. படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதறேன். நான் கன்னியாகுமரி மாவட்டம், நாடார் குடும்பத்துல பிறந்தவ.

எங்க ஊரெல்லாம் திருவிதாங்கூர் ராஜாகிட்ட இருந்தப்ப எங்க பெண்கள் மாராப்பு போடக்கூடாது. அது மட்டுமா, தண்ணிக்குடத்தை இடுப்புல வெச்சு எடுக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு கூடாது, நகை கூடாது, மாடி வீடு கூடாது. இதையெல்லாம் அன்னிக்கு திணிச்சவங்க யாரும் கொடுமைன்னு சொல்லல, வழக்கம், ஆச்சாரம், முன்னோர் வெச்ச முறைன்னுதான் சொன்னாங்க. மீறி ரவிக்கை போட்டுட்டு சந்தைக்குப் போன பெண்களோட துணிய கிழிச்சாங்க. முப்பது நாப்பது வருஷம் போராடி, மெட்ராஸ் கவர்னர் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்த பிறகு 1859-ல ராஜா உத்தரவு போட்டாரு. அதுலயும் பாருங்க, மூடிக்கலாம், ஆனா மேல்சாதி பெண்கள் உடுத்தற மாதிரி மட்டும் உடுத்தக்கூடாதாம். மானத்துலயும் கூடுதல் குறைச்சல் வெச்சாங்க.

வெள்ளைக்காரனும் மிஷனரியும் தலையிட்டதாலதானே நடந்துச்சு, அப்ப அது வெளியாள் தீர்ப்புதானேன்னு அந்த வாசகர் கேக்கலாம். அவங்க உதவினது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அவங்களுக்காக காத்திருக்காம, எங்க மாவட்டத்து சாமித்தோப்புல, அய்யாவழிங்கற வழிபாட்டைத் தொடங்கின அய்யா வைகுண்டர் என்ன செஞ்சாரு? எல்லா சாதியும் ஒரே கிணத்துல தண்ணி எடுக்கணும்னு முத்திரிக்கிணறு வெட்டினாரு, ஆம்பளைங்கள தலைப்பாகை கட்டிட்டு கும்பிட வரச் சொன்னாரு, இன்னிக்கும் அப்படித்தான் கும்பிடறாங்க. கருவறையில சிலை இல்ல, கண்ணாடி, நின்னா நம்ம முகம்தான் தெரியும். ராஜா அவர புடிச்சு ஜெயில்ல போட்டாரு. அந்த மனுஷன் வெளியாளா? அதே மண்ணு, அதே பாஷை, சாமிய நம்பினவரு, அந்த நம்பிக்கைய வெச்சே அந்த ஆச்சாரம் தப்புன்னு சொன்னாரு. எங்க கலாச்சாரம்னு ஒருத்தர் பேசும்போது அதுல அடிச்சவங்க குரல்தான் கேக்குது, அடிவாங்கினவங்களும் அதே கலாச்சாரத்துக்காரங்கதான், அவங்கள யாரு கேட்டா?

தனி மனுஷனோட நம்பிக்கை வேற விஷயம். எங்க பாட்டி வெள்ளிக்கிழமை பச்சத்தண்ணி கூட குடிக்காம இருப்பாங்க, அது அவங்களுக்கும் சாமிக்கும் நடுவுல, அதுல நான் மூக்க நுழைக்க மாட்டேன். ஆனா என் நம்பிக்கைக்காக இன்னொருத்தி துணியில்லாம நிக்கணும், இன்னொருத்தர் வாசல்லயே நிக்கணும்னா அங்க சமத்துவம்தான் முன்னால வரணும், நம்பிக்கை பின்னால போகணும், இதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

இதைச் சொல்றப்ப எங்க வீட்டையும் சொல்லாம இருந்தா அது நேர்மை கிடையாது. மாராப்புக்கு அடிவாங்கின பரம்பரைன்னு பெருமையா சொன்ன அதே பாட்டி, தேங்கா பறிக்க வர்றவருக்குன்னு கொல்லைப்புற திண்ணையில ஒரு அலுமினிய டம்ளர் தனியா வெச்சிருந்தாங்க. கேட்டா, அது நம்ம வீட்டு வழக்கம்பாங்க. காலேஜ் படிச்சிட்டிருந்த எங்க அண்ணன் ஒரு நாள் அந்த டம்ளரை எடுத்து கிணத்துல போட்டுட்டு, எல்லாரும் குடிக்கற எவர்சில்வர் டம்ளர்ல அவருக்கு காப்பி கொண்டு போய் கொடுத்தான். அவரு வாங்க கூச்சப்பட்டு ரொம்ப நேரம் கைய நீட்டவே இல்ல. பாட்டி ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. மூணாம் நாள் அவரு வந்தப்ப பாட்டியே அதே எவர்சில்வர் டம்ளர்ல காப்பி ஊத்திக் கொடுத்தாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்