கரணையில் உள்ள இயற்பியல்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கலையும் அறிவியலும் பள்ளிகளில் ஒட்டாத இரு பாடங்களாகவே கற்பிக்கப்படுவது வருத்தமளிக்கிறது. இரண்டும் ஒட்டும் இடத்துக்கு மிருதங்கத்தின் கரணை நல்ல சான்று. வெறும் தோலை இழுத்துக் கட்டிய பறையில், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையிலோ, ஒருவகைக் கருநிறக் கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து, மெல்லிய படலங்களாகப் பூசி, தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் பூசி உருவாக்கும் கரணை என்னும் கரிய வட்டம் அவற்றைச் சுருதிக்குள் கொண்டுவந்துவிடுகிறது. இதைச் சர் சி.வி.ராமன் தம் சக ஆய்வாளருடன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினார். பின்னர் 1934-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், தோலின்மீது நுண்மணலைத் தூவி, தட்டும்போது அது எந்தெந்தக் கோடுகளில் ஒதுங்குகிறது என்று பார்த்து, ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவான சுரங்களாகத் திரள்வதை விளக்கினார். சூத்திரம் எதுவும் இல்லாமல், காதை மட்டுமே நம்பி இந்த இடத்துக்குத் தலைமுறைகளுக்கு முன்பே வந்து சேர்ந்த கைவினைஞர்களையும் சோதனையாளர்கள் என்றே நான் கருதுகிறேன். பாடநூல்களில் அவர்களுக்கும் இடம் வேண்டும். மேல்நிலை வகுப்புகளில் ஒலியியல் நடத்தும்போது, மிருதங்கம் செய்பவர் ஒருவரை உரிய மதிப்பூதியத்துடன் ஆய்வகத்துக்கு அழைத்து, மாணவர்கள் கண்ணெதிரிலேயே கரணை இடச் செய்யப் பள்ளிக் கல்வித் துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்