யாரும் நடாத மரம்

ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு,

வணக்கம்.

ஆண்டுச் சுற்றுலா எங்கே என்று நீங்கள் கூடி முடிவெடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. இந்த முறையும் நீர்ப்பூங்காதான் என்று பேச்சு அடிபடுகிறது. முடிவாகிவிடுவதற்குள் ஒரு தகப்பனாக என் விண்ணப்பத்தையும் கேளுங்கள். பிள்ளைகளை நம் பேராக் மாநிலத்துப் பங்கோர் தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓர் இரவாவது அங்கே தங்க வையுங்கள்.

பங்கோருக்குத்தான் மாசி மகத்துக்குப் போகிறோமே என்பீர்கள். நானும் சிறுவயது முதல் அப்படித்தான் போய் வந்தேன். விடிவதற்குள் தோட்டத்து வாசலில் பஸ் ஏறுவோம். லுமுட் துறையில் ஃபெர்ரி. கடலோரத்துப் பத்திரகாளியம்மனைக் கும்பிட்டு, பாட்டி வாழையிலையில் கட்டி வந்த புளிச்சோற்றை மணலில் உட்கார்ந்து சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். தீவுக்கு நடுவில் நிற்கும் மலையை நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. போன வருடம் பள்ளி விடுமுறையில், நான்காம் ஆண்டு படிக்கும் என் மகனோடு இரண்டு இரவு தங்கியபோதுதான் அதற்குள் காலெடுத்து வைத்தேன்.

உள்ளூர் வழிகாட்டி ஒருவர் முன்னே போக, காட்டுப் பாதையில் ஏறினோம். அரை மணி நேரத்தில் ஒரு பெரிய மரத்தடிக்கு வந்தோம். அடிமரத்திலிருந்து வேர்கள் பலகை பலகையாக எழும்பி என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. இரண்டு பலகைகளுக்கு நடுவே மகன் போய் நின்றுகொண்டான், பாதி ஆள் மறைந்துவிட்டான். வேரைத் தடவினான். அண்ணாந்து பார்த்தான், உச்சி தெரியவில்லை. பிறகு என்னிடம் கேட்டான்: “அப்பா, இது எந்தத் தோட்டத்து மரம்? யார் நட்டது?”

“யாரும் நடவில்லை, தம்பி.”

“யாருமே நடாமல் மரம் எப்படி வரும்?”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊர்ப் பெயரிலேயே காடு இருக்கிறது. ஊத்தான் என்றால் மலாய் மொழியில் காடுதானே? ஆனால் இங்கே பிறந்து வளர்கிற பிள்ளை, நிரை பிடித்து நடாத ஒரு மரத்தைப் பத்து வயது வரை பார்த்ததில்லை. என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார். அந்த மரங்கள்தாம் நமக்குச் சோறு போட்டன. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செம்பனைக்கு ஏறக்குறைய 25 வயதானால் சாய்த்துவிட்டு மறுநடவு செய்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளின் கண்ணில் கிழட்டு மரமே படுவதில்லை.

கிழட்டு மரம் இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இருவாச்சிப் பறவையைச் சொல்வேன். பங்கோரில் மாலை நேரத்தில் அவை தெலுக் நீப்பா கடற்கரைப் பக்கம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. பறவை வருவதற்கு முன்பே சிறகுச் சத்தம் வந்துவிடுகிறது, யாரோ பெரிய முறத்தால் வேகமாக விசிறுவதுபோல. கறுப்பு உடல், வெள்ளை வயிறு, தந்த நிறத்தில் நீண்ட அலகு, அதன்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு கொம்பு. எங்களுக்குப் பத்தடி தூரத்துக் கிளையில் ஒன்று அலகு நுனியில் ஒரு காட்டுப் பழத்தைப் பிடித்திருந்தது. தலையை வெடுக்கென்று பின்னால் சாய்த்துப் பழத்தைத் தூக்கிப் போட்டு நேரே தொண்டைக்குள் வாங்கியது. மகன் மூச்சுவிடாமல் பார்த்தான்.

இந்தப் பறவைக்குக் கூடு கட்டத் தெரியாது. பெரிய மரத்தில் பொந்து வேண்டும். பெட்டை உள்ளே போய் உட்கார்ந்து, மண்ணும் எச்சமும் பழச் சதையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடுக்குதான் மிஞ்சும். ஏறக்குறைய மூன்று மாதம், ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. எலியை ஒழிக்கத் தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைத்திருப்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். பொந்துள்ள மரம் இல்லாத இடத்தில் பறவைக்கு மனிதன் பெட்டி செய்து வைக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்களிடம் சொன்னால், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு நன்றாக விளக்காது.

லுமுட்டின் பெயரையே தாங்கிய மரம் ஒன்றும் உண்டு. ஷோரியா லுமுட்டென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பங்கோர், லுமுட், செகாரி என்று பேராக் கடலோரத்தின் சில காடுகளை விட்டால் உலகில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. அழியும் விளிம்பில் இருக்கிறது. நம் பள்ளியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு மரம் இருக்கிறது என்று நமக்கே தெரியாது. எனக்கும் தெரியாதுதான். வழிகாட்டி சொன்னபோது வெட்கமாக இருந்தது.

உங்கள் கவலைகள் எனக்குப் புரிகின்றன. கடல், சிறுபிள்ளைகள், இரவுத் தங்கல் என்றதும் தாய்மார்கள் தயங்குவார்கள். ஃபெர்ரிப் பயணம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் மூடிக்கிடக்கும். பங்கோர் மேற்குக் கரையில் இருப்பதால் அந்தப் பருவக்காற்று அவ்வளவாகத் தாக்குவதில்லை. தெலுக் நீப்பாவுக்கு எதிரே கியாம் தீவு, கயாக்கில் துடுப்புப் போட்டுப் போகும் தொலைவுதான். உயிர்காப்புச் சட்டை போடாமல் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மலாக்கா நீரிணையின் தண்ணீர், படங்களில் பார்க்கும் கண்ணாடித் தண்ணீர் அல்ல. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். வரலாறும் வேண்டுமென்றால், ஈயத்துக்காக டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டிய கோட்டை இருக்கிறது; அரை மணி நேரம் போதும்.

கடைகளில் மட்டும் நேரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2020 ஜனவரி முதல் பங்கோர் வரியில்லாத் தீவு. சாக்லேட் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தினால் பொழுது அங்கேயே முடிந்துவிடும். என் மூத்த மகள் போய்வந்த சுற்றுலாவில் மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் ஒன்றரை மணி நேரம் வரிசையிலும் போயிற்று. என்னம்மா பார்த்தாய் என்று கேட்டேன். பதில் சொல்ல ஒன்றுமில்லாமல் தூங்கிவிட்டாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்றையும் மனம் நொந்து சொல்கிறேன். இருவாச்சிக்கு ரொட்டித் துண்டு வீசுகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். குரங்குக்கு நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை நீட்டி, அது கையைப் பிறாண்டிய பிறகு கல்லெறிகிறார்கள். மாசி மகம் முடிந்த மறுநாள் கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக் பைகளைப் பற்றி ஒரு மீனவர் என்னிடம் கேட்டார், தலைகுனிந்து நின்றேன். பிள்ளைகள் அங்கே ஓர் இரவு தங்கி, அந்தப் பறவையைப் பெயர் சொல்லி அறிந்துகொண்டால், அடுத்த மாசி மகத்தில் தங்கள் தாய் தகப்பன் கையைத் தடுக்கப்போவது அவர்கள்தாம்.

பள்ளி முழுவதையும் ஒரே நேரத்தில் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். நாற்பது பிள்ளைகள் பேசிக்கொண்டு நடந்தால் காட்டில் ஒரு பறவையும் தங்காது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மட்டும், பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் துணையிருந்தால் போதும். வார நாளாக இருந்தால் கூட்டமும் குறைவு. முன்கூட்டியே ஆசிரியர்களோடு போய்த் தங்குமிடத்தையும் காட்டுப் பாதையையும் பார்த்து வர நான் வருகிறேன். அந்தச் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். நீர்ப்பூங்காச் சீட்டையும் தங்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கவும் தயார்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். மகனையும் அழைத்து வருகிறேன். அந்த மரத்தடியில் கிடந்த காயை, இறகு முளைத்த காயை, அவன் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்திருக்கிறான். உங்களிடம் காட்ட வேண்டும் என்கிறான்.

அன்புடன்,
ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு தகப்பன்